காலண்டருக்காக நட்ட ஆறு மரங்கள்

லாசரஸ் மாமா விமானத்தை விட்டு இறங்குவதற்கு முன்பே பொரித்த கோழியின் வாசனை இறங்கிவிடும். நகரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் பறந்து வரும் கோழி. அட்டை வாளிகளின் அடியில் எண்ணெய் ஊறிக் கறை படிந்திருக்கும். வடக்கே காட்டுக்குள் இருக்கும் எங்கள் ஊரான லூன் பாயிண்டில் மீன் கிடைக்கும், மூஸ் மான் இறைச்சி கிடைக்கும், பொரித்த கோழி கிடைக்காது. அதனால் நகரத்துக்குப் போகிறவர்கள் திரும்பும்போது ஒரு வாளி வாங்கி வருவது வழக்கம். மாமா இருபது வாளி கொண்டுவருவார். சாவுக்கும் அதுதான், கல்யாணத்துக்கும் அதுதான். பத்தொன்பது வருடங்களாக அவர் எங்கள் சட்டமன்ற உறுப்பினர்.

டிசம்பர் ஆறாம் தேதி வாளிகளோடு ஆறு மரங்களும் இறங்கின.

வலையில் சுருட்டிக் கட்டிய கிறிஸ்துமஸ் மரங்கள். நகரத்துக் கடையில் வாங்கியவை. எங்கள் ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் முந்நூறு மைலுக்கு மரம்தான். மாமாவின் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் மெர்வின் அவற்றை வண்டியில் ஏற்றியபடியே காரணம் சொன்னான். எங்கள் காட்டில் வளரும் ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரம் போட்டோவில் பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி தெரிகிறதாம். புகைப்படக்காரர் நல்ல கொழுத்த மரமாகக் கேட்டாராம்.

போட்டோ காலண்டருக்காக. மாமா வருடாவருடம் காலண்டர் போடுவார். ஊரில் ஒவ்வொரு சமையலறையிலும் அது தொங்கும். அதன் முகப்பில் எப்போதும் ஒரே படம்தான். உறைந்த ஏரியில் மாமா மண்டியிட்டு ஒரு மரத்தை நட்டுக்கொண்டிருப்பார். ஏப்ரலில் தேர்தல் என்பதால் இந்த வருடம் படம் பெரிதாக வேண்டும், நகரத்திலும் ஒட்டப்போகிறார்கள் என்றான் மெர்வின்.

எங்கள் ஏரியில் மரம் நட்டிருந்தால் அந்த வழியாகப் போகலாம் என்று பொருள். குளிர்காலம் தொடங்கியதும் பாதைக்காரர் பனிக்கட்டியைத் துளையிட்டு அளந்து, தாங்கும் என்று தெரிந்த இடத்தில் மட்டும் சின்ன ஸ்புரூஸ் மரத்தை நிறுத்தி, துளையில் தண்ணீர் ஊற்றுவார். கால் மணி நேரத்தில் அது கல்லாக இறுகிவிடும். ஐம்பது தப்படிக்கு ஒரு மரம். ஒவ்வொன்றிலும் ஆரஞ்சு நாடா. காற்று கிளம்பிப் பனி பறக்கும்போது தன் கையே தெரியாது. அப்போது மரம் மட்டும்தான். மரத்தைப் பார்த்துவிட்டால் எங்கள் ஊரில் யாரும் யோசிக்க மாட்டார்கள். கேட்கவும் மாட்டார்கள். வண்டியை அதன் பக்கம் திருப்புவார்கள்.

மாமா ஒரு காலத்தில் பாதைக்காரராக இருந்தார். நல்ல பாதைக்காரர் என்று என் அப்பாவே சொல்வார். நான் பிறப்பதற்கு முன்பு ஒரு பிப்ரவரியில், அக்கரையில் ஹாக்கி ஆட்டம் முடிந்து முப்பத்தெட்டுப் பேர் பனிவண்டிகளில் திரும்பும்போது புயல் பிடித்துக்கொண்டது. மரம் மரமாகத் தடவிக்கொண்டு அத்தனை பேரும் வீடு வந்து சேர்ந்தார்கள். கரையில் விளக்கோடு நின்று மாமா ஒவ்வொருவராக எண்ணினார். அது உண்மை. அந்த முப்பத்தெட்டுப் பேரும் அவர்கள் வீட்டாரும்தான் அவருக்கு முதல் ஓட்டு.

முதல் தேர்தலில் இரண்டு வாக்குறுதி சொன்னார். எங்கள் ஊருக்குக் கோடையிலும் போகக்கூடிய சாலை. எங்கள் ஏரியை ஏற்றி இறக்கும் அணையோடு ஒரு சண்டை. சட்டமன்றத்துக்கு எங்கள் குழாய்த் தண்ணீரை ஒரு ஜாடியில் கொண்டுபோய் முதல்வரின் மேசையில் வைத்து, குடியுங்கள் என்றார். அந்தப் படம் எல்லாப் பேப்பரிலும் வந்தது. இரண்டாம் முறை ஜெயித்ததும் முதல்வரின் கட்சிக்கே போனார். ஒரு துணைப் பதவியும் சட்டமன்ற வாசலுக்குப் பக்கத்தில் கார் நிறுத்த இடமும் கிடைத்தன. சாலைக்கு மூன்று முறை ஆய்வு நடந்தது. ஆய்வு நடக்கும்போதெல்லாம் நகரத்திலிருந்து ஆட்கள் வந்து எங்கள் ஏரியில் மீன் பிடித்துவிட்டுப் போனார்கள். அணையில் புது இயந்திரம் வைத்தபோது ரிப்பன் வெட்டியது மாமாதான். நான் இப்போது வேலை பார்ப்பது எங்கள் தண்ணீர் நிலையத்தில். வேதியியல் படித்துவிட்டு வந்தேன். அந்த ஜாடித் தண்ணீருக்கும் இன்று நான் சோதிக்கும் தண்ணீருக்கும் நிறத்தில்தான் வித்தியாசம். இன்னும் கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறோம்.

என் படிப்புக்கு உதவித்தொகை வாங்கித் தந்தது அவர்தான். அந்தக் காசோலையை நானும் அவரும் ஆளுக்கு ஒரு முனையில் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் ஒரு வருடக் காலண்டரில் மார்ச் மாதத்தில் வந்தது.

மாமா சட்டமன்றத்துக்குப் போன பிறகு அப்பா பாதைக்காரர் ஆனார். அப்பாவின் பெயர் ஏபெல். அம்மாவின் அண்ணன்தான் லாசரஸ் மாமா. எங்கள் பழங்குடியில் மச்சான்மார் ஒருவரையொருவர் கேலி செய்யலாம், எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் சொல்லலாம், மற்றவர் சிரித்துத்தான் ஆக வேண்டும். அப்பா மாமாவைச் சாலை இல்லாத மந்திரி என்பார். மாமா அப்பாவை மரம் நடும் கரடி என்பார். அம்மா இறந்து ஐந்து வருடமாகிறது. அப்போதும் இருபது வாளி வந்தது.

மரங்கள் வந்து இறங்கிய அன்று அப்பாவுக்கு முதுகு வலி. பனிக்கட்டியை அளக்க என்னை அனுப்பினார். குளிர்காலத்தில் துளையிட்டு அளந்து நோட்டில் எழுதுவது என் வேலை. சம்பளம் இல்லாத வேலை, ஆனால் எனக்குப் பிடிக்கும். அங்கே யாரோடும் பேச வேண்டியதில்லை.

அப்பாவின் பாதை குப்பைமேட்டுக்குப் பின்னாலிருந்து தொடங்குகிறது. அங்கே பனிக்கட்டி நன்றாக இறுகும். புகைப்படக்காரர் அதைப் பார்த்துவிட்டு, பின்னால் குப்பைப் புகையும் காக்கைகளும் விழுகின்றன என்றார். பழைய படகுத்துறையிலிருந்து ஏரியின் இடுக்கைப் பார்த்து மரங்கள் வரிசையாகப் போனால் அழகாக இருக்கும் என்று கை காட்டினார். இரண்டு முனைகளுக்கு நடுவே ஏரி குறுகுகிற இடம் அது. அடியில் நீரோட்டம் உண்டு. அந்தப் பக்கம் யாரும் போவதில்லை.

அவர் சொன்ன இடங்களில் துளையிட்டேன். முதல் துளை பதினான்கு அங்குலம். மூன்றாவது பதினொன்று. ஐந்தாவதில் கருவி சட்டென்று உள்ளே போய் ஆடியது. நகரத்தில் குளிர் கூடினால் மின்சாரத்துக்காக அணை தண்ணீரை இழுக்கும். ஏரி மட்டம் இறங்கும். மேலே உறைந்த பலகை மட்டும் பழைய உயரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். அங்கே மூன்று அங்குலம் பனிக்கட்டி, அதன் கீழே ஒரு சாண் வெறும் காற்று, அதன் கீழே தண்ணீர். ஆறாவதும் அப்படியே.

மாமாவிடம் போய்ச் சொன்னேன். என் குரல் தாழ்ந்துதான் வரும், அவர் குனிந்து கேட்டார்.

"போட்டோவுக்குத்தானே குட்டி," என்றார். "எடுத்ததும் பிடுங்கிடுவோம்."

அவர் முதல் மரத்தில் மண்டியிட்டார். பதினான்கு அங்குலம் இருந்த இடம். மூன்றாவது மரத்தைத் தாண்டி அவர் ஒரு அடியும் வைக்கவில்லை. கடைசி மரங்களை ஒல்லியான மெர்வின் போய் நட்டு, சுற்றிலும் பனியை அடைத்துத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தான். புகைப்படக்காரர் கேமராவில் பார்த்துவிட்டு நிறம் போதவில்லை என்றார். என் சட்டைப் பையில் நாடாச் சுருள் வெளியே தெரிந்திருக்க வேண்டும். "அந்த ஆரஞ்சு கிடைக்குமா?" என்றார்.

கொடுத்தேன். கேட்டால் எனக்கு மறுக்கத் தெரியாது. மெர்வின் ஆறு மரத்திலும் கட்டினான். பிறகு புகைப்படக்காரர் என்னைப் படத்திலிருந்து விலகி நிற்கச் சொன்னார். படத்தில் விழாமல் போனதில் எனக்கு நிம்மதி. கருவியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிட்டேன். சற்று நேரத்தில் விமானம் கிளம்பும் சத்தம் கேட்டது. இருட்டுவதற்குள் போக வேண்டும் என்று அவசரப்பட்டிருப்பார்கள். மரங்களைப் பிடுங்கினார்களா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை. அவர் கேட்டது அவருடைய பாதையின் அளவுகளை. அவற்றைப் படித்துக் காட்டினேன்.

ஒன்பதாம் தேதி மதியம் காற்று கிளம்பியது.

ஜோசாயா மூடிக்கு அறுபத்தொரு வயது. ஏரிக்கு நடுவில் பனிக்கட்டிக்கு அடியில் வலை போட்டு மீன் எடுப்பவர். அன்று வண்டிக்குப் பின்னால் சறுக்குப் பலகையில் மீன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். அவர் வந்த வழி மறுநாள் தெளிவாகத் தெரிந்தது. அப்பாவின் பாதை கல்லறைத் தீவைச் சுற்றி வளைகிற இடம் வரை தடம் சரியாக வந்திருந்தது. அங்கே நின்றிருக்கிறார். அடுத்த மரம் பறக்கும் பனியில் தெரிந்திருக்காது. இடது பக்கம் கருப்பாக ஒரு மரம் தெரிந்திருக்கும், அதில் ஆரஞ்சாக ஏதோ படபடத்திருக்கும். தடம் அதை நோக்கி நேராகத் திரும்பியிருந்தது. அந்த இடுக்கை அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் ஊரில் இல்லை. தன் மகன்களைச் சிறு வயதில் அந்தப் பக்கம் விட்டதே இல்லை. ஆனால் மரம் இருந்தது.

அப்பாவும் நான்கு பேரும் கொக்கிக் கழிகளோடு போய்த் தண்ணீரிலிருந்து அவர் உடலை எடுத்தார்கள். ஆறாவது மரம் உடைந்த பனிக்கட்டியோடு போய்விட்டிருந்தது. ஐந்து மரங்கள் நின்றிருந்தன. கூம்பு மாதிரி கத்தரித்த, கொழுத்த மரங்கள். அந்த ஐந்து பேரும் அவற்றைப் பார்த்தார்கள். ஸ்புரூஸின் ஊசி இலையை விரல்களுக்கு நடுவே உருட்டினால் உருளும். இது தட்டையாக இருந்தது, உருளவில்லை. அதெல்லாம் பார்க்கத் தேவையே இல்லை. எங்கள் காட்டில் அப்படி ஒரு மரம் கிடையாது என்று குழந்தைக்கும் தெரியும்.

அன்று பிற்பகல் மெர்வின் வண்டியோடு போய், ஆபத்து என்று சொல்லி ஐந்தையும் பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டான். அடுத்த நாள்தான் போலீஸ்காரர் விமானத்தில் வந்தார். ஊருக்குப் புதியவர். அவருக்குக் கிடைத்தது தண்ணீரில் மிதந்த ஒரு துண்டு நாடா. இது யாருடைய நாடா என்று கேட்டார். ஏபெலுடையது என்று யாரோ சொன்னார்கள். அதுவும் பொய் இல்லை.

அன்று மாலை வானொலியில் மாமாவின் அறிக்கையை வாசித்தார்கள். ஆழ்ந்த வருத்தம். இனி இப்படி நடக்காது. பாதை குறிக்கும் பணியில் நடந்த குறைகள் பரிசீலிக்கப்படும். அது முடியும் வரை இப்போதைய பாதைக்காரர் பணியிலிருந்து விலகியிருப்பார்.

அப்பா தட்டு கழுவிக்கொண்டிருந்தார். ஈரக் கையோடு வந்து வானொலியின் சத்தத்தைக் குறைத்தார். அணைக்கவில்லை. பத்தொன்பது வருடத்தில் அவருடைய மரத்தை நம்பி வந்த ஒருவருக்கும் கால்கூட நனைந்ததில்லை. அவரிடம் வேறு சொத்து எதுவும் கிடையாது.

அப்போதுதான் சொன்னேன். போட்டோ, மூன்று அங்குலம், மாமா சொன்னது, எல்லாவற்றையும்.

"நாடா?" என்றார்.

"நான்தான் குடுத்தேன்."

துணியை எடுத்துத் தட்டைத் துடைக்கத் தொடங்கினார்.

"நீங்க சொல்லுங்கப்பா," என்றேன். "எல்லார்கிட்டயும் சொல்லுங்க."

"நான் சொன்னா தப்பிக்கப் பாக்குறான்னுதான் ஆகும். அதுவும் பொணம் வச்சிருக்கிற எடத்துல." தட்டை அலமாரியில் வைத்தார். "எனக்குத் தெரியும். போதும்."

போதாது என்பது இரண்டு நாளில் தெரிந்தது. கடையில் அப்பா நின்றால் பேச்சு வேறு பக்கம் போனது. பக்கத்து வீட்டுக்காரர் ஏரிக்குக் கிளம்பும்முன் தானே துளையிட்டுப் பார்த்துக்கொண்டு போனார். அப்பா அதை ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

ஜோசாயாவைச் சமூகக் கூடத்தில் வைத்திருந்தார்கள். எங்களில் இரண்டு நாள் உடலோடு இருப்போம். பாடுவோம், சாப்பிடுவோம், மைக்கில் ஒவ்வொருவராகப் போய்ப் பேசுவோம். முதல் நாள் மதியம் நானும் அப்பாவும் போனோம். அப்பா சுவரோரம் உட்கார்ந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலியாகவே இருந்தன.

சவப்பெட்டிக்கு வலது மூலையில் ஒரு கிறிஸ்துமஸ் மரம் நின்றிருந்தது. விளக்குகள் எரிந்தன. எங்கள் சட்டமன்ற உறுப்பினரின் அன்பளிப்பு என்று ஒரு அட்டை. பள்ளிக்கு ஒன்று, தேவாலயத்துக்கு ஒன்று, மருத்துவ நிலையத்துக்கு ஒன்று, கடைக்கு ஒன்று, கூடத்துக்கு ஒன்று. ஐந்தும் முடிந்தது.

மெர்வின் அவசரத்தில் வேலை செய்திருந்தான். அடித்தண்டில் பனிக்கட்டி வளையம் அப்படியே இருந்தது. துளையில் ஊற்றி உறைந்த தண்ணீர். கூடத்தின் சூட்டில் அது உருகி, தரையில் வழிந்து, ஜோசாயாவின் பெட்டி வைத்திருந்த மேசைக் காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. தேநீர் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் அதைப் பார்த்தாள். மரத்தைப் பார்த்தாள். தண்டைப் பார்த்தாள். போய்த் துணியை எடுத்துவந்து துடைத்தாள். கால் மணி கழித்து வேறொருத்தி துடைத்தாள். முறைவைத்துத் துடைத்தார்கள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எல்லோருக்கும் தெரியும். நான் சொல்லித் தெரிய வேண்டியது ஒன்றும் இல்லை.

மாமா வந்தார். வாளிகள் வந்தன. பெட்டியின் அருகே நின்று அழுதார். உண்மையாகவே அழுதார், கண்ணீர் மோவாயில் சொட்டியது. பிறகு ஒவ்வொருவராகக் கட்டிப்பிடித்தார். ஜோசாயாவின் மனைவி எல்சி அத்தையின் மகளுக்கு வாரத்தில் மூன்று நாள் சிறுநீரக இயந்திரம் தேவைப்படுகிறது, அதற்காக நகரத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். அந்த இயந்திரத்தை இங்கேயே கொண்டுவருவது என் பொறுப்பு என்று அத்தையின் காதில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அதை அவர் நான்கு வருடமாகச் சொல்கிறார். பிறகு உட்கார்ந்து ஒரு கோழித்தொடையை எடுத்துக் கடித்தார். என் கையிலும் ஒரு தட்டு வந்தது. நானும் தின்றேன். அதை எழுதாமல் விட்டால் மற்றதை எழுதி என்ன பயன்? தோல் மொறுமொறுப்பாக இருந்தது, பசியாகவும் இருந்தது. பாதியில் நிறுத்தினேன். தட்டை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

மைக் வரை பதினேழு அடி. நான் வாழ்நாளில் அதன் முன் நின்றதில்லை. பள்ளியில் பரிசு கொடுத்தபோதுகூட எனக்காக அம்மாதான் போய் நன்றி சொன்னாள்.

"அந்த மரங்கள அப்பா நடல," என்றேன். என் குரல் கூடம் முழுக்கக் கேட்டதில் எனக்கே பயம் வந்தது. "காலண்டர் போட்டோவுக்காக நட்டாங்க. மூணு அங்குலம்தான்னு நான் மாமாகிட்ட சொன்னேன். நாடாவையும் நான்தான் குடுத்தேன். அதுல ஒரு மரம் அந்தா நிக்குது."

ஒருவரும் மரத்தின் பக்கம் திரும்பவில்லை. தெரியாதவர்களாக இருந்தால் திரும்பியிருப்பார்கள்.

மாமா எழுந்து வந்தார். கைக்குட்டையில் விரல்களைத் துடைத்துக்கொண்டே வந்து என் தோளைச் சுற்றிக் கை போட்டார். கழுத்தில் எண்ணெய்ப் பிசுபிசுப்பு ஒட்டியது.

"என் தங்கச்சி பொண்ணு," என்றார் மைக்கில். "அவ அம்மா போனதுலேந்து எல்லாத்தையும் மனசுக்குள்ளயே வச்சுக்கிற புள்ள. இன்னைக்கு வாயத் தொறந்து பேசுது, நல்லது. துக்கம் ஆளுக்கு ஒரு மாதிரி வரும். யாரு தப்பு எது தப்புன்னு பேசுற நேரமா இது? ஜோசாயா அப்படிப்பட்ட ஆளா? யாரா இருந்தாலும் சரி, மன்னிப்போம். நான் மன்னிச்சுட்டேன்."

அவர் மன்னித்துவிட்டார். அந்தக் கை என் தோளில் இருக்கும்போதே எங்கள் மொழியில் பாட்டைத் தொடங்கினார். நல்ல குரல். கூடம் எழுந்து நின்றது. முப்பத்தெட்டுப் பேரில் இன்னும் உயிரோடு இருந்தவர்களும் எழுந்து நின்று பாடினார்கள்.

எல்சி அத்தை எழுந்திருக்கவில்லை. பாட்டு முடியும் வரை பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தே இருந்தாள். முடிந்ததும், கூடத்தின் அந்தப் பக்கம் காலி நாற்காலிகளுக்கு நடுவே இருந்த அப்பாவைக் கூப்பிட்டாள்.

"ஏபெல். கல்லறைத் தீவுக்குப் பாதை யாரு போடுறா?"

அப்பா தயங்கினார். "என்னை நிறுத்தி வச்சிருக்காங்க, எல்சி."

"அத நான் கேக்கல. என் புருஷன யார் மரத்துக்குப் பின்னால கொண்டு போறதுன்னு கேட்டேன்."

அப்பா எழுந்தார். "எத்தன பேர் வருவாங்க?"

"எல்லாரும்."

"அப்ப பத்து அங்குலத்துக்குக் கொறையக் கூடாது," என்று தனக்குள்போல் சொல்லிவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நானும் கருவியை எடுக்கப் பின்னாலேயே போனேன்.

இதன் பிறகு நடந்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். போலீஸ்காரர் நான் சொன்னதை இரண்டு பக்கம் எழுதிக்கொண்டார், என் அளவு நோட்டையும் படமெடுத்துக்கொண்டார், பிறகு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். பரிசீலனை இன்னும் நடக்கிறது. ஜனவரியில் காலண்டர் வந்தது. அச்சகத்தில் யாரும் எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. பளபளப்பான தாளில் மாமா மண்டியிட்டிருக்கிறார். அவருக்குப் பின்னால் ஆறு கொழுத்த மரங்கள் ஆரஞ்சு நாடாவோடு இடுக்கை நோக்கி வரிசையாகப் போகின்றன. ஆறாவதுகூடத் தெளிவாகத் தெரிகிறது. எங்கள் ஊரின் எல்லா சமையலறையிலும் அது தொங்குகிறது. விமானம் வரும் நாளையும் மருத்துவர் வரும் நாளையும் குறிக்க எல்லோருக்கும் பெரிய கட்டம் வேண்டும். அதுவும் இலவசமாக வருகிறது. எல்சி அத்தை மட்டும் படத்தைக் கத்தரித்துவிட்டு மாதங்களை ஆணியில் மாட்டியிருக்கிறாள். ஏப்ரலில் லூன் பாயிண்டில் இருநூற்று மூன்று பேர் ஓட்டுப் போட்டார்கள். நூற்று ஐம்பத்தெட்டு மாமாவுக்கு.

அடக்கத்தன்று காற்று இல்லை. அப்பாவும் நானும் முந்தின நாள் முழுக்கத் துளையிட்டிருந்தோம். எழுபத்திரண்டு துளை. நேர்வழியில் தீவு அரை மைல்தான், ஆனால் அப்பாவின் மரங்கள் வடக்கே சுற்றி ஒரு மைலுக்கு மேல் போயின. அணை தண்ணீரை இழுத்திருந்ததால் வேறு வழியில்லை. மெலிந்த, பிரஷ் மாதிரியான ஸ்புரூஸ் மரங்கள்.

குப்பைமேட்டுக்குப் பின்னால் ஊர் முழுக்கக் கூடியது. பெட்டியைச் சறுக்குப் பலகையில் கட்டி, இழுக்க எட்டுப் பேர் கயிற்றைப் பிடித்தார்கள். மாமா புது ரோமத் தொப்பியோடு வந்து கயிற்றின் முன்முனையில் நின்றார். மெர்வின் படமெடுக்கக் கைபேசியைத் தூக்கிப் பிடித்தான்.

அப்பா முதல் மரத்தின் அருகே நின்றிருந்தார். மாமாவைப் பார்த்துச் சிரித்தார். மச்சானைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு.

"என்ன மச்சான், வழி தெரியாத ஆளா நீ? பழைய பாதைக்காரன். அந்தா, நேரா போனா அரை மைல்தான். நீ முன்னால போ. நாங்க எல்லாரும் உன் பின்னாலயே வர்றோம்."

கை இடுக்கின் பக்கம் நீண்டிருந்தது. கூட்டத்தில் யாரோ செருமினார்கள். மச்சான் சொன்னால் சிரித்துத்தான் ஆக வேண்டும். மாமாவும் சிரித்தார். சிரிப்பு வந்து சேர நேரம் எடுத்தது.

"இல்ல மச்சான்," என்றார். "நீதான் பாதைக்காரன். நீ போ."

"சத்தமா சொல்லு. பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

"நீதான் பாதைக்காரன்," என்றார் மாமா. இந்த முறை எல்லோருக்கும் கேட்டது. மெர்வின் கைபேசியைக் கீழே இறக்கினான்.

அப்பா திரும்பி நடந்தார். பெட்டி நகர்ந்தது. ஊர் பின்னால் போனது. யாரும் துளையிட்டுப் பார்க்கவில்லை. குழந்தைகள்கூட மரங்களை ஒட்டியே நடந்தார்கள்.

நான் கயிற்றுக்குப் பக்கத்தில், மாமாவுக்கு இரண்டு அடி பின்னால் நடந்தேன். அவர் அழுதுகொண்டே நடந்தார். கண்ணைத் துடைக்கும்போதும் பாடும்போதும் அவருடைய கால்களை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு மைல் தூரமும், அப்பாவின் காலணி பதிந்த பள்ளத்தைப் பார்த்துப் பார்த்து, அதற்குள்ளேயே தன் காலை வைத்து வைத்து எடுத்தார். ஒரு விரற்கடை கூட வெளியே வைக்கவில்லை.